பகடை உருட்டினால் குடியுரிமையா?



அரசமைப்புச் சட்ட நாளையொட்டி எங்கள் பகுதிப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குடியுரிமையை விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று உங்கள் இதழில் படத்தோடு செய்தி போட்டிருந்தீர்கள். படத்தில் பிள்ளைகள் கைதட்டிச் சிரிக்கிறார்கள். ஆட்டத்தில் ஜெயித்தது யார், பரிசு யாருக்குப் போனது என்பது மட்டும் செய்தியில் இல்லை. அதை நான் சொல்கிறேன்.

தரையில் பெரிய பரமபதம் விரித்திருக்கிறார்கள். மரம் நட்டால் ஏணி, வரி கட்டினால் ஏணி, தெருவில் குப்பை கொட்டினால் பாம்பு. நூறாவது கட்டத்தில் தேசியக் கொடி. அதைத் தொட்டவர் இந்தியக் குடிமகன். முதலில் தொட்டவள் என் மகள். 'சிறந்த இந்தியக் குடிமகள்' என்று அச்சடித்த சான்றிதழில் பெயர் எழுதப்போன நேரத்தில், விருந்தினராக வந்திருந்த அதிகாரி பதிவேட்டில் இலங்கைத் தமிழர் முகாம் முகவரியைப் பார்த்துவிட்டு, "இது கேம்ப் பிள்ளையாச்சே, இதுக்குக் கொடுத்தா நாளைக்குப் பிரச்சினை வரும்" என்றாராம். இரண்டாவதாக வந்த பெண்ணின் பெயரை எழுதிவிட்டார்கள். என் மகளுக்கு ஒரு பேனா.

"அம்மா, நான் ஒரு பாம்புலகூட மாட்டலையே, அப்புறம் ஏன்?" என்று வீட்டுக்கு வந்து கேட்கிறாள். இதற்கு எந்தப் பாடநூலில் விடை இருக்கிறது?

விளையாட்டுதானே, இதைப் பெரிதுபடுத்தலாமா என்கிறார்கள். விளையாட்டென்றால் முகவரியை எதற்குப் பார்த்தார்கள்? அச்சகத்தில் அடித்த ஒரு காகிதத்துக்கு அதிகாரியே பயப்படுவாராம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை மட்டும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

சட்டம் அப்படி, பள்ளிக்கூடம் என்ன செய்யும் என்கிறார்கள் வேறு சிலர். நல்லது, அந்தச் சட்டத்தையே சொல்லிக்கொடுங்கள் என்றுதான் நானும் கேட்கிறேன். 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் மரம் நடுகிற பேச்சே கிடையாது. அதில் தேதிதான் பேசும். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவருக்கு, தூதரகக்காரர் வீட்டுப் பிள்ளைகள் போன்ற சிலரைத் தவிர, பெற்றோர் எந்த நாட்டவரானாலும் குடியுரிமை உண்டு. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கோ இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும். ஒருவர்தான் என்றால் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது.

என் பெற்றோர் இலங்கையிலிருந்து படகேறி வந்தது 1984-இல். அண்ணன் பிறந்தது 1986, நான் 1988. ஒரே முகாம், ஒரே அரசு ஆஸ்பத்திரி. சட்டப்படி அவன் இந்தியன், நான் வெளிநாட்டவள். அந்த வெளிநாட்டை நான் கண்ணால் பார்த்ததில்லை. இந்தியன் என்றாலும் அண்ணனைப் போன்றவர்களுக்கு அந்த உரிமை எளிதாகவா கிடைக்கிறது? 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், பாஸ்போர்ட் வாங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போக வேண்டியிருந்தது. அவர் பிறப்பாலேயே குடிமகள் என்று 2022-இல் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வழி பிறந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பாடவேளையில் புரிகிற தேதியை அலுவலகங்களுக்குப் புரியவைக்க 36 ஆண்டு!

ஆட்டத்தில் பாம்பு வேண்டுமா, நிஜப் பாம்பைப் போடுங்கள். பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. அந்த முத்திரை விழுந்துவிட்டால் பதிவு செய்தும் குடியுரிமை கேட்க முடியாது, இத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தோம் என்று சொல்லியும் கேட்க முடியாது. இங்கேயே பிறந்த எங்களையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள். ஊர் எரிந்துகொண்டிருந்த இரவில் கடற்கரையில் பாஸ்போர்ட் ஆபீஸ் திறந்திருக்கவில்லை, மன்னிக்கவும். ஏணியும் இருக்கிறது: 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தாருக்குப் போட்டுக் கொடுத்தது. இலங்கை என்ற பெயர் அதில் இல்லை.

மாநில அரசு 2021-இல் எங்கள் 'அகதிகள் முகாம்' பலகையை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயிண்ட் நன்றாக இருக்கிறது. அதே ஆண்டு அந்தத் திருத்தத்துக்கு எதிராகச் சட்டமன்றத்தில் தீர்மானமும் போட்டார்கள். மத்திய அரசோ, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை கிடையாது என்று 2025-இல் அறிவித்தது. ஜெயிலில் போட மாட்டார்களாம், குடிமக்களாகச் சேர்த்துக்கொள்ளவும் மாட்டார்களாம். இதற்கும் நாங்கள் நன்றி சொல்ல வேண்டும்; சொல்லிவிட்டோம்.

பிள்ளைகளுக்கு விளையாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல பிள்ளையாக நடந்துகொண்டால் குடியுரிமை தானாக வரும் என்ற பொய்தான் வேண்டாம். அந்தப் பொய்யை நம்பி வளர்கிற மற்ற பிள்ளைகள், கிடைக்காதவளிடம் ஏதோ குற்றம் இருக்கிறது என்றுதானே நினைப்பார்கள்? முகாம் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் இதைக்கூட யோசிக்காதவர்கள் குடிமையியல் நடத்த வந்துவிட்டார்கள்.

கல்வித் துறைக்கு ஒரு யோசனை. அடுத்த ஆண்டும் இதே விளையாட்டை நடத்துவதாக இருந்தால், முதல் ஆட்டத்தை அதிகாரிகளே ஆடட்டும். மரம், குப்பையெல்லாம் வேண்டாம். என் பிறந்த தேதியையும் என் பெற்றோரின் முகாம் பதிவையும் தருகிறேன், அவற்றை வைத்து நூறாவது கட்டத்துக்குப் போய்க் காட்டட்டும். யார் எந்தக் கட்டத்தில் நிற்கிறார்கள் என்று நீங்களும் படத்தோடு போடுங்கள்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவியின் தாய்,
இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்.
(மகளின் படிப்பை முன்னிட்டுப் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம்.)