கொடுப்பதற்காகவே வளர்ப்போம்

கைவிடப்பட்ட நாய் ஒன்றைக் காப்பாற்ற விரும்புபவருக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகளே தெரிகின்றன. ஒன்று, அந்த நாயைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொள்வது. மற்றொன்று, காப்பகத்தில் ஒப்படைப்பது. முதல் வழி எல்லாருக்கும் இயலாது. இரண்டாம் வழிக்குக் காப்பகங்களில் இடம் போதாது. ஆனால், மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. நாயைச் சில வாரங்களோ சில மாதங்களோ வீட்டில் வைத்துப் பராமரித்து, அதற்கு ஒரு நிரந்தரக் குடும்பத்தைத் தேடிக் கொடுப்பதே அவ்வழி. இதனை இடைக்காலப் பராமரிப்பு எனலாம்.

இப்பணியை மேற்கொள்ளும் குடும்பங்கள் நம் வட்டாரத்தில் பெருக வேண்டும். அதே வேளையில், நாய்க்குச் சோறும் இடமும் கொடுப்பதோடு இப்பணி முடிந்துவிடுவதில்லை. தகுந்த வீடு கிடைக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பதும், தகாத வீட்டுக்குத் துணிந்து மறுப்புச் சொல்வதுமே இப்பணியின் உயிர்நாடி என்பது என் கருத்து.

ஈப்போவுக்கு வடக்கே அமைந்துள்ள செமோரை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் இவ்வூரைச் சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. லயத்து வீடுகளில் வாழ்ந்த நம் முன்னோர் நாய் வளர்ப்பதைத் தனி முயற்சியாகக் கருதவில்லை. வாசலில் நாய் படுத்திருக்கும். வீட்டில் மிஞ்சிய சோறு அதற்குக் கிடைக்கும். அது யாருடைய நாய் என்று கேட்டால், “லயத்து நாய்” என்பதே பல வேளைகளில் விடையாக இருந்தது. பின்னர், பால்மரங்கள் இருந்த இடங்களில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. மக்கள் தாமான்களின் தொடர்வீடுகளுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தனர். வாசல் சுருங்கியது, சிலருக்கு வாசலே இல்லாமற்போனது. லயத்துக்குப் பொதுவாக இருந்த நாய் இப்போது யாருக்கும் சொந்தமில்லாத நாயாயிற்று.

இன்றும் இந்நிலை முற்றாக மாறவில்லை. வீடு மாறும்போது நாயை விட்டுவிட்டுச் செல்வோர் உள்ளனர். வேண்டாத குட்டிகளைப் பெட்டியில் போட்டுச் சந்தையருகே வைத்துவிட்டுப் போவோரும் உள்ளனர். “யாராவது எடுத்துக்கொள்வார்கள்” என்பது அவர்களின் சமாதானம். அந்த ‘யாராவது’ யார் என்பதுதான் கேள்வி.

உண்மையில் ஒரு விலங்குக்கு வீடு கிடைக்க எவ்வளவு காலம் ஆகிறது? இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. வளர்ப்பு விலங்குகளுக்கு வீடு தேடித் தரும் ‘பெட்ஃபைண்டர்’ என்னும் மலேசியத் தளம், 2018ஆம் ஆண்டின் இறுதியில் தன் தரவுகளை ஆய்வுப் போட்டி ஒன்றுக்கு வழங்கியது. நாய்களையும் பூனைகளையும் பற்றிய 14,993 பதிவுகள் அதில் இருந்தன. பதிவு செய்த அன்றே தத்தெடுக்கப்பட்டவை 410 மட்டுமே. ஏறக்குறைய பாதிப் பதிவுகளுக்கு ஒரு மாதத்திற்குள் வீடு கிடைத்தது. ஆனால், 4,197 பதிவுகளுக்கு நூறு நாள்கள் கடந்தும் வீடு கிடைக்கவில்லை. அதாவது, நூற்றில் 28 பதிவுகள் மூன்று மாதத்திற்கும் மேலாகக் காத்திருந்தன.

இந்த எண்கள் நமக்கு இரண்டு செய்திகளைச் சொல்கின்றன. முதலாவது, நம்பிக்கை தரும் செய்தி. முறையாக அறிவித்துத் தேடினால் பல விலங்குகளுக்கு வீடு கிடைக்கிறது. இரண்டாவது, எச்சரிக்கை, அந்த வீடு நாளையே கிடைத்துவிடாது. இடைப்பட்ட அந்நாள்களில் நாய் எங்கே இருக்கும்? அங்குதான் இடைக்கால வீடு தேவைப்படுகிறது.

காப்பகங்கள் நற்பணி ஆற்றுகின்றன என்பதில் ஐயமில்லை. ஈப்போவில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் இயங்கி வருகிறது. ஆயினும், பல நாய்கள் நெருங்கி வாழும் இடத்தில் ஒவ்வொன்றின் குணத்தையும் அறிவது கடினம். குட்டிகளுக்கு ஆபத்தான பார்வோ போன்ற தொற்றுநோய் ஒரு கூண்டிலிருந்து மற்றொரு கூண்டுக்கு எளிதில் பரவக்கூடும். குட்டிகள் பிறந்து ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று மாதம்வரை உலகைப் பழகிக்கொள்ளும் பருவத்தில் இருக்கின்றன. மிக்சியின் ஓசை, குழந்தையின் சிரிப்பு, மோட்டார் சைக்கிளின் இரைச்சல் ஆகியவற்றுக்கு அவை பழக வேண்டிய காலம் அதுவே. இதனை வீடு கற்றுக்கொடுப்பதுபோல் கூண்டு கற்றுக்கொடுக்காது.

வளர்ந்த நாய்க்கும் வீடு ஒரு பள்ளியே. புதிய வீட்டுக்கு வந்த நாய் முதல் மூன்று நாள்கள் மிரண்டிருக்கும். மூன்று வாரங்களில் வீட்டின் நடைமுறையைப் புரிந்துகொள்ளும். மூன்று மாதங்களில் அது தன் வீடென்று உணரும். நாய்ப் பராமரிப்பில் அனுபவமுள்ளோர் பொதுவாகக் கூறும் கணக்கு இது. எல்லா நாய்களுக்கும் இது அப்படியே பொருந்தாது எனினும், பொறுமை வேண்டும் என்பதை நினைவூட்ட இக்கணக்கு உதவுகிறது.

எங்கள் வீட்டில் தங்கியிருந்த ஒரு பெண் நாயை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் கிடைத்த அந்நாய்க்கு முல்லை என்று பெயரிட்டோம். உண்ணி நீக்கி, தடுப்பூசியும் கருத்தடையும் செய்தபின் அதற்கு வீடு தேடத் தொடங்கினோம். மூன்று குடும்பங்கள் முன்வந்தன. முதலில் வந்தவர் தம் பொருள் கிடங்கைக் காக்க நாய் வேண்டும் என்றார். பகலும் இரவும் சங்கிலியில் கட்டி வைப்பதாக மறைக்காமல் சொன்னார். இரண்டாவது குடும்பத்தினர் மிகுந்த அன்புடையவர்கள். ஆனால், அடுத்த ஆண்டு அடுக்குமாடிக்கு மாறவிருந்தனர். அங்கு நாய் வளர்க்க அனுமதியில்லை. “அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்றார்கள். இரு குடும்பங்களுக்கும் நாங்கள் பணிவாக மறுப்புத் தெரிவித்தோம். மூன்றாவதாக வந்த ஓய்வுபெற்ற தம்பதியர் முல்லையைப் பார்க்க இருமுறை வந்தனர். மூன்றாம் முறை வந்தபோது அதனை அழைத்துச் சென்றனர். இதற்கு ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஆயின.

முதல் குடும்பத்திற்கே கொடுத்திருந்தால் எங்கள் வேலை மூன்றே வாரத்தில் முடிந்திருக்கும். ஆனால், முல்லையின் வாழ்நாள் முழுவதும் ஒரு சங்கிலியின் நீளத்திற்குள் சுருங்கியிருக்கும். இரண்டாம் குடும்பத்திற்குக் கொடுத்திருந்தால் அடுத்த ஆண்டு அது மீண்டும் தெருவுக்கு வந்திருக்கக்கூடும். ஒருமுறை கைவிடப்பட்ட நாயை மறுமுறையும் கைவிடப்படும் நிலைக்குத் தள்ளுவது உதவியாகாது.

ஆகவே, நாயைக் கேட்டு வருபவரிடம் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். வீடு சொந்தமா, வாடகையா? வாடகை வீடெனில் வீட்டுக்காரர் சம்மதித்தாரா? வேலி உண்டா? வீட்டிலுள்ள அனைவரும் நாயை விரும்புகிறார்களா? பகலில் யார் இருப்பார்கள்? பெருநாள் காலத்தில் வெளியூர் சென்றால் நாயை யார் பார்த்துக்கொள்வார்கள்? மருத்துவச் செலவை ஏற்க இயலுமா? “நாய்தானே, இதற்கு நேர்முகத் தேர்வா?” என்று சிலர் சிரிக்கலாம். விருந்தினரிடம் கேள்வி கேட்பது நம் பண்பாட்டில் கூச்சமான செயல்தான். எனினும், அந்த நாய் தனக்காகப் பேச முடியாது. அதன் சார்பில் பேச நம்மைத் தவிர வேறு எவருமில்லை.

இடைக்காலப் பராமரிப்பை மறுப்போர் கூறும் முதல் காரணம் மனவருத்தம். “பழகிய நாயை எப்படிப் பிரிவது? அதுவும் ஒருவகையில் கைவிடுவதுதானே?” என்று கேட்கின்றனர். இது நேர்மையான கேள்வி. மகாபாரதத்தில் தருமர், தம்மைப் பின்தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுத் தாம் மட்டும் சொர்க்கம் செல்ல மறுத்தார் என்று படித்திருக்கிறோம். நம்பி வந்த உயிரைக் கைவிடலாகாது என்பதே அக்கதை உணர்த்தும் அறம். ஆனால், கைவிடுவதும் ஒப்படைப்பதும் ஒன்றல்ல. கைவிடுபவர் அடுத்து என்ன நடக்கும் என்பதை அறியார், அறியவும் விரும்பார். ஒப்படைப்பவர் அந்த வீட்டைப் பார்த்து, குடும்பத்தினரோடு பேசி, சில வாரங்கள் கழித்து மீண்டும் சென்று விசாரிப்பார். அவ்வீடு ஒத்துவரவில்லை என்றால் நாயைத் திரும்ப ஏற்றுக்கொள்வார். பிரிவின்போது கண்கலங்குவது இயல்பே. நாம் ஒரு நாயை நிரந்தரமாக வைத்துக்கொண்டால் அதற்கு மட்டுமே வீடு கிடைக்கும். கொடுத்துவிட்டாலோ, அடுத்து வரும் நாய்க்கும் நம் வீட்டில் இடமிருக்கும்.

இரண்டாவது காரணம், நோயும் அண்டை வீட்டாரும். இந்த அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய் 2015இல் வட மாநிலங்களிலும் 2017 முதல் சரவாக்கிலும் தோன்றி மக்களைக் கவலைக்குள்ளாக்கியது. எனவே, நாயை வீட்டுக்குள் சேர்க்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாய் உரிமம் பற்றியும், எத்தனை நாய்கள் வைத்திருக்கலாம் என்பது பற்றியும் ஊராட்சி மன்றத்தில் கேட்டறிய வேண்டும். நம் தாமானில் பல இனத்தவரும் சமயத்தவரும் அடுத்தடுத்து வாழ்கிறோம். முஸ்லிம் அண்டை வீட்டார் நாயின் எச்சில் தங்கள் மீது படாமல் இருக்க விரும்புவர். நாயை வேலிக்குள் வைத்திருப்பதும், வெளியே செல்லும்போது வாரில் பிடித்துச் செல்வதும், கழிவை உடனே அகற்றுவதும் அவர்களுக்கு நாம் காட்டும் மரியாதை. நம் அன்பு அடுத்தவருக்குத் தொல்லையாகக் கூடாது.

மூன்றாவதாக, “தெருவில் இத்தனை நாய்கள் இருக்க, ஒன்றிரண்டைக் காப்பாற்றி என்ன பயன்?” என்பர். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. வீடு தேடுவது மட்டுமே தீர்வாகாது. பிறப்பைக் கட்டுப்படுத்தவும் வேண்டும். பெண் நாய் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் ஈன்றுவிடும். ஆண்டுக்கு இருமுறையும் குட்டி போடக்கூடும். இதனை உணர்ந்தே, சென்னையில் 1959ஆம் ஆண்டு கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை 1960களிலேயே வலியுறுத்தியது. இந்திய அரசு 2001இல் அதற்கென விதிகளை வகுத்தது. ஈப்போவில் நோவாஸ் ஆர்க் என்னும் அமைப்பும் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும் பணியில் ஈடுபட்டுள்ளது. இடைக்காலப் பராமரிப்பில் வரும் ஒவ்வொரு நாய்க்கும் கருத்தடை செய்தே கொடுப்போமானால், நாம் ஒரு நாயை மட்டும் காப்பாற்றவில்லை. அதன் வழியே தெருவில் பிறக்கவிருந்த பல குட்டிகளின் துன்பத்தையும் தடுக்கிறோம்.

சட்டமும் இன்று விலங்குகளின் பக்கம் நிற்கிறது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி, விலங்கை வதைப்போருக்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட்வரை அபராதமோ, மூன்று ஆண்டுவரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆயினும், கொடுமை செய்தவரைத் தண்டிக்கச் சட்டத்தால் முடியும். ஒரு நாய்க்கு நல்ல குடும்பத்தைத் தேடித்தரச் சட்டத்தால் முடியாது. அது மனிதர் செய்ய வேண்டிய வேலை.

மாணவர்களாகிய நீங்கள் என்ன செய்யலாம்? பெற்றோரின் சம்மதமின்றி நாயை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். அறியாத நாயைத் தொடவும் வேண்டாம். கடிபட்டால் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். குடும்பத்தினர் இசைந்தால், பராமரிக்கும் நாயின் உணவு, உறக்கம், அச்சம், விருப்பம் ஆகியவற்றை நாள்தோறும் ஏட்டில் குறித்து வையுங்கள். வெளிச்சமான இடத்தில் அதனைத் தெளிவாகப் படமெடுங்கள். அதன் குணத்தை மிகைப்படுத்தாமல் எழுதுங்கள். இடிக்கு அஞ்சும் நாயை “எதற்கும் அஞ்சாது” என்று எழுதினால், புதிய குடும்பம் ஏமாறும். நாயும் திரும்பி வரும். உண்மையான விவரமே சரியான வீட்டைக் கொண்டுவரும். வீட்டில் நாய் வைக்க வசதி இல்லாதவர்களும் இந்த எழுத்துப் பணியில் உதவலாம்.

லயத்து நாய்க்கு ஒரு காலத்தில் ஊரே வீடாக இருந்தது. அந்தக் காலம் திரும்பி வராது. ஆனால், அன்றிருந்த பொதுப் பொறுப்புணர்வை நாம் இழக்க வேண்டியதில்லை. ஒரு குடும்பம் சில மாதங்கள் பராமரிக்க, மற்றொரு குடும்பம் வாழ்நாள் முழுவதும் ஏற்றுக்கொள்ள, இடையில் பலர் செய்தியைக் கொண்டுசேர்க்க, ஒரு நாய்க்கு வீடு அமைகிறது. செமோரில் ஒவ்வொரு தாமானிலும் இத்தகைய வீடு ஒன்றேனும் இருந்தால் போதும். ‘யாராவது எடுத்துக்கொள்வார்கள்’ என்று சொல்லிவிட்டு நகர்வதற்குப் பதிலாக, அந்த ‘யாராவது’ நாமாக இருப்போம்.