தேர்த்துகளைக் கணக்கிட்டுப் பார்த்தோமா?

ஒன்றை 2323824530227200000000 கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறே தேர்த்துகள் என்றும், இத்துணைச் சிற்றளவுக்குப் பெயரிட்டவர் தமிழரே என்றும் நம் மேடைகளில் முழங்குகின்றோம். கையொலியும் எழுகின்றது. அவ் விருபத்திரண்டு இலக்க எண்ணை ஒருமுறையேனும் வகுத்துப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்?

முந்திரி 320-இல் ஒன்று. அதனை மீண்டும் 320 ஆக்கினால் கீழ்முந்திரி. அது 102400-இல் ஒன்று. இவ்விரு எண்களும் 2, 5 என்னும் பகா எண்களால் மட்டுமே ஆனவை. ஆதலின் அரை, கால், மா, காணி ஆகிய யாவும் முந்திரிக் கணக்கில் எச்சமின்றி அமையும். மூன்றிலொன்றும் ஏழிலொன்றும் அமையா. மூன்று உடன்பிறந்தார் ஒரு வேலி நிலத்தைப் பகிர்ந்தால் முந்திரி கைவிட்டுவிடும்! கீழ்முந்திரியை 21 கூறாக்கி இம்மி என்றனர். அந்நொடியே மூன்றும் ஏழும் உள்ளே புகுந்தன. மும்மியில் 11 வந்தது. நாகவிந்தத்தில் 17 வந்தது. நுண்மணலை ஆறரைக் கூறாக்கித் தேர்த்துகள் என்றதால் 13-உம் வந்தது. ஆறரை என்பது வீம்புக்கு வைத்த அளவன்று போலும்.

முடிவில் நிற்கும் எண்ணைப் பிரித்துப் பாருங்கள்: 2 இருபத்திரண்டு முறை, 3 ஐந்து முறை, 5 எட்டு முறை, 7 நான்கு முறை, 11, 13, 17 ஒவ்வொரு முறை. எனவே 1 முதல் 18 வரை எவ்வெண்ணாலும் அது எச்சமின்றி வகுபடும். 19-இல்தான் முதன்முதல் தடைப்படும். ஒன்றைப் பதினெண்மர் வரை எத்தனை பேர் பகிர்ந்தாலும் ஒவ்வொருவர்க்கும் முழுத் தேர்த்துகள்களே கிடைக்கும். பெருமை கொள்ளத்தக்கது இவ்வமைப்பே, எண்ணின் நீளமன்று. அணுவினும் நுண்ணிய பொருளைத் தமிழர் அளந்தனர் என்பதற்கும் இது சான்றாகாது. பெயரிடுதல் வேறு, அளத்தல் வேறு. குணம், பந்தம், பாகம் என்னும் வடசொற்கள் அப்பட்டியலின் இடையே இருப்பதையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை.

பெருங்கேடு மற்றொன்று. இன்று உலவும் படிகள் பலவற்றில் கதிர்முனைக்கு 489631109120000 என்று காணப்படுகின்றது. அதன் இலக்கங்களைக் கூட்டினால் 44, மூன்றால் வகுபடாது. அதற்கு முன்னுள்ள சிந்தையின் எண்ணோ, கூட்டுத்தொகை 54 ஆதலின், மூன்றால் வகுபடும். வகுபடும் எண்ணை இருபதால் பெருக்கினால் வகுபடா எண் எங்ஙனம் பிறக்கும்? முதலிலிருந்த 1 உதிர்ந்துவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடிக்கக் கூடிய இப்பிழையை நாம் ஆண்டுதோறும் அப்படியே அச்சிட்டுப் பரப்புகின்றோம். நம்மை எள்ளக் காத்திருப்போர்க்கு வேறென்ன வேண்டும்?

கதிர்முனைக்கு 1489631109120000, குரல்வளைப்படிக்கு 59585244364800000, வெள்ளத்திற்கு 3575114661888000000, நுண்மணலுக்கு 357511466188800000000. இனி அச்சிடுவோர் இந்நான்கு எண்களின் முதலிலக்கங்களையும் மீட்டுச் சேர்த்து வெளியிடுக.