"தம்பி, இது என்ன படம்?"

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சாட்டிக் கடற்கரைக்கு வந்து பாத்தியளெண்டால் தெரியும். பண்ணைப் பாலத்தால வாற வான், பஸ், ஓட்டோ எல்லாத்திலயும் ஒரு பொக்ஸ் இருக்கும். பத்துப் பொக்ஸ், பத்துக் கூட்டம், ஆனால் பாட்டு ஒண்டுதான். அந்த மாதம் சென்னையில எந்தப் படம் ஓடுதோ அந்தப் படத்தின்ர பாட்டு. அந்தப் பாட்டுகளோட எனக்குக் கோவமில்லை, நானும் ஆடியிருக்கிறன். என்ர கோவம் வேற இடத்தில.

போன வருசம் எங்கட பெடியன் ஒருத்தன் ஒரு பாட்டுச் செய்தான். ஒரு கிற்றார், ஒரு பழைய லப்டொப், யன்னலுக்குப் போர்வை கட்டின ஒரு அறை. அவ்வளவுதான் ஸ்ரூடியோ. தண்ணி பவுசர் வருமெண்டு குடத்தோட வெயிலுக்க நிக்கிற ஒரு மனிசியைப் பற்றின பாட்டு. மிகப் பெரிய பாட்டெண்டு சொல்லமாட்டன், ரெண்டாவது சரணம் நல்லா இழுக்குது. ஆனால் எங்கட கதைக்கிற தமிழில இருக்கிற பாட்டு. அதைக் கொண்டுபோய் ஒரு எஃப்.எம். நிலையத்தில குடுக்க, வாங்கினவர் கேட்டது: "தம்பி, இது என்ன படம்?" படமில்லை அண்ணை. "அப்ப இதை நான் எந்த நிகழ்ச்சியில போடுறது?"

முதல் கேள்விக்குச் சிரிச்சம். ரெண்டாவது கேள்வி நியாயமானது. அந்த மனுசனில பிழையில்லை. பேர் தெரியாத ஒருத்தன் செய்த பாட்டைக் கேட்டு, நல்லதெண்டால் காத்தில விடுறதுக்கு அங்க ஒரு நேரமும் இல்லை, ஒரு ஆளும் இல்லை. எங்களிட்ட பாடகர் இல்லையெண்டுதான் எல்லாரும் அழுகினம். எனக்கெண்டால் இல்லாதது அறிவிப்பாளர் எண்டு படுது.

அப்பிடியொரு வேலை உலகத்தில இருந்திருக்குதோ எண்டு கேட்டால், இருந்திருக்கு. இங்கிலாந்தில ஜோன் பீல் எண்டு ஒருத்தர். 1967 இல் பிபிசி றேடியோ 1 தொடங்கின காலத்திலயிருந்து 2004 இல் சாகும்வரைக்கும் அதே நிலையத்தில இருந்தவர். அவரிட்ட 'குரல்' எண்டு சொல்லும்படியா ஒண்டுமில்லை. அலுப்பில கதைக்கிற மாதிரி ஒரு கதை. சிலவேளை இசைத்தட்டைப் பிழையான வேகத்தில ஓடவிட்டிட்டு மன்னிப்புக் கேட்பார். ஆனால் யார் எதை அனுப்பினாலும் கேட்டுப் பாக்கிற காது இருந்தது. வளர்ந்துவாற குழுக்களை பிபிசி ஸ்ரூடியோவுக்கே கூப்பிட்டுப் பதிவுசெய்து ஒலிபரப்பின 'பீல் செஷன்ஸ்' மட்டும் நாலாயிரத்துக்கு மேல.

அதில எனக்குப் பிடிச்ச கதை வட அயர்லாந்தின் டெரி நகரத்துக் கதை. தெருவில ஆமி, சோதனைச் சாவடி, குண்டு. எங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லாத ஊர். அங்கத்தைய பெடியள் சிலபேர் சேர்ந்த 'தி அண்டர்டோன்ஸ்' குழுவின்ர 'ரீனேஜ் கிக்ஸ்' பாட்டை பெல்பாஸ்டில ஒரு சின்ன வெளியீட்டகம் 1978 இல் வெளியிட்டது. பீல் அதைப் போட்டார். போட்டு முடிய, திருப்பி இன்னொருக்காப் போட்டார். கொஞ்ச நாளில பெரிய நிறுவனம் ஒண்டு அந்தப் பெடியளோட ஒப்பந்தம் செய்தது. பாட்டில போர் ஒரு சொல்லும் இல்லை, முழுக்கக் காதல்தான். போர் நடக்கிற ஊர்ப் பெடியளும் காதலிப்பாங்கள் எண்டது லண்டனில இருக்கிறவனுக்கு அந்த ரெண்டு தரத்தில விளங்கியிருக்கும்.

இப்ப எங்கட பக்கம் வருவம். இலங்கை வானொலி எண்ட உடன எங்கட வீட்டில எல்லாருக்கும் கண் கலங்கும். மயில்வாகனம், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத் எண்டு பேர்கள் வரிசையா வரும். மாமா ராஜா மாதிரி மூச்சுவிடாமல் கதைச்சும் காட்டுவார். அந்தக் குரல்களை நான் குறைக்கேல்லை. தமிழ்நாட்டில கடைகடையா அதைக் கேட்டிருக்கினம். 1952 இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்க, கடலுக்கு இங்காலயிருந்து இலங்கை வானொலி அதை அள்ளிக் குடுத்தது. அந்தப் புகழுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் கொஞ்சம் நேர்மையாக் கதைச்சால், அந்தப் பொற்காலத்தில கூடுதலா ஓடினதும் படப்பாட்டுத்தான். நாங்கள் கொண்டாடுறது அவையின்ர குரலை. அந்தக் குரல் எதைத் தெரிவுசெய்து போட்டது எண்டு ஆரும் கேக்கிறேல்லை.

கேட்டால், வேற ஒரு பேர் வரும். எஸ். கே. பரராஜசிங்கம். கர்நாடக இசை தெரிந்த பாடகர், வானொலி ஒலிபரப்பாளர், ரெண்டையும் சேர்த்து 'ஈழத்து மெல்லிசை' எண்ட ஒண்டை வளர்த்த ஆக்களில முக்கியமானவர். இங்கத்தைய கவிஞர் எழுத, ரொக்சாமி, முத்துசாமி மாதிரி இசையமைப்பாளர்கள் மெட்டுப்போட, இங்கத்தைய குரலில பாடி வானொலியில போன பாட்டுகள் அவை. படமில்லாத பாட்டு! அந்தப் பாட்டுக்கு நிகழ்ச்சி நேரம் இருந்தது, பதிவுசெய்ய ஆள் இருந்தது, அறிமுகப்படுத்த ஒரு குரல் இருந்தது. அதே காலத்தில நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' எண்டு பைலாத் தாளத்தில யாழ்ப்பாணப் பேச்சைப் பாட்டாக்கினார். ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைக் கடல் கடத்தினார். இண்டைக்கு 'இண்டி' எண்டு ஸ்ரைலாச் சொல்லுறதை எங்கட ஆக்கள் 'பொப்' எண்ட பேரில அப்பவே செய்திட்டினம்.

இதில இன்னொரு விசயம், பெருமைக்காகவே சொல்லுறன். தமிழில ஒலிபரப்பு எண்டதை ஒரு கலையாப் பாத்து 'ஒலிபரப்புக்கலை' எண்டு புத்தகமே எழுதினவர் சோ. சிவபாதசுந்தரம். பிபிசியின் தமிழ் நிகழ்ச்சிக்கு 'தமிழோசை' எண்டு பேர் வைத்ததும் அவர்தான். பிறந்தது கரம்பொன்னில. சாட்டியிலயிருந்து சைக்கிளில போற தூரம். இந்தத் தீவில எத்தினை பேருக்கு அது தெரியும்?

தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை, பற்றரி இல்லை, கரண்டும் இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில நிப்பாட்டி, பெடலைச் சுத்தி, டைனமோவில றேடியோ கேட்ட சனம் எங்கட சனம். அப்பா சொல்லுவார், கால் ஓய்ஞ்சால் பாட்டும் ஓய்ஞ்சிடும், ஆள் மாறி மாறி மிதிச்சதெண்டு. அந்தச் சனத்தின்ர பிள்ளையள் நாங்கள், இண்டைக்கு யூரியூப் எதைத் தள்ளுதோ அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறம்.

"அறிவிப்பாளர் எதுக்கு, நல்ல பாட்டெண்டால் தானா ஓடும்" எண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம். 2021 இல் யொஹானியின்ர 'மெணிகே மகே ஹிதே' ஓடினதுதானே எண்டுவினம். ஓடினது, மறுக்கேல்லை. ஆனால் அது லொத்தர் விழுந்த மாதிரி. ஒருத்தனுக்கு விழுந்ததைக் காட்டி எல்லாரையும் ரிக்கற் வாங்கச் சொல்லேலாது. அல்கொரிதம் நீங்கள் நேற்றுக் கேட்டதை வைத்துத்தான் இண்டைக்குத் தரும். பவுசருக்குக் காத்திருக்கிற மனிசியின்ர பாட்டை நேற்று ஒருத்தரும் கேக்கேல்லை, அதால இண்டைக்கும் வராது. பீல் மாதிரி ஒருத்தர் செய்தது இதுக்கு நேரெதிர். நீங்கள் கேக்காததை, உங்களுக்குப் பிடிக்காமல் போகக்கூடியதை, துணிஞ்சு போட்டார். பிடிக்காட்டித் திட்டுறதுக்கும் ஒரு மனுசன் அங்க இருந்தார்.

இந்த வேலைக்கு எங்கட பிள்ளையள் போவினமோ? அறிவிப்பாளர் ஆகவேணுமெண்டு ஆசைப்படுற பெடியள் பெட்டையள் எனக்கே நாலைஞ்சு பேரைத் தெரியும். எல்லாரும் பழகிறது உச்சரிப்பு, வேகம், சிரிப்பு. காதைப் பழக்கிறது பற்றி ஒருத்தரும் சொல்லிக்குடுக்கிறேல்லை. சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் வீட்டில "அரசாங்க வேலை ஒண்டு பார்" எண்டுவினம். வீட்டையும் குறை சொல்லேலாது. விளம்பரம் எடுத்துத்தந்தால்தான் நிகழ்ச்சி எண்டால், பேர் தெரியாத பாட்டுக்கு எந்தக் கடைக்காரன் விளம்பரம் தருவான்?

அதால நான் பெரிசா ஒண்டும் கேக்கேல்லை. கிழமைக்கு ஒரு மணித்தியாலம். படப்பாட்டு இல்லை. வாற பாட்டெல்லாத்தையும் இருந்து கேக்கிறதுக்குச் சம்பளத்தோட ஒரு ஆள். பாடினவனின்ர பேரும், எழுதினவளின்ர பேரும், ஊரின்ர பேரும் ஒழுங்காச் சொல்லவேணும். பகலில விளம்பர நேரம் கெடுமெண்டால் இரவு பத்து மணிக்கு மேல தாங்கோ. பீலுக்கும் கூடுதலாக் கிடைச்சது அந்த நேரந்தான்.