யந்திரங்கள் எழுதும் கணக்கு

சித்தாண்டி வயல்களில் விதைப்புத் தொடங்கும்போதே கணக்கும் தொடங்கிவிடுகிறது. விதைநெல், உரம், உழவு யந்திரக் கூலி யாவும் கடன் கொப்பியில் ஏறும், அறுவடையில் தீரும். ஆனால் மழை இவ்வுடன்படிக்கையில் கையொப்பமிடுவதில்லையே! 2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பு வயல்கள் மூழ்கியபோது நெல் அழிந்தது. கொப்பியிலிருந்த கடன் அழியவில்லை. காப்புறுதி இருந்தாலும், அதிகாரி வந்து பார்த்து, அறிக்கை எழுதி, பணம் கைக்கு வருமுன் அடுத்த விதைப்பே வந்துவிடும் என்பது உழவரின் பழைய முறையீடு.

இத்தாமதத்தைப் போக்க நம் நாட்டிலேயே ஒரு முயற்சி நடந்தது. 2019இல் ஒக்ஸ்பாம், ஏயோன், எதெரிஸ்க் ஆகிய மூன்று அமைப்புகள் சேர்ந்து, இலங்கை நெல் விவசாயிகளுக்குப் புதுவகைக் காப்புறுதியொன்றை ஆரம்பித்தன. முதலில் ஏறக்குறைய 200 பேர் சேர்ந்தனர். நட்டஈட்டுக்கு விண்ணப்பம் வேண்டியதில்லை. வயலைப் பார்வையிடுவோரும் வேண்டியதில்லை. வானிலைக் கணக்கு குறித்த எல்லையைக் கடந்தால் கணினியே நட்டஈட்டைத் தீர்மானிக்கும்.

இதற்கு ஆதாரமான பிளாக்செயின் யாது? ஒரே கணக்கேட்டின் பிரதி பல கணினிகளில் இருக்கும். ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தின் முத்திரையைத் தாங்கி நிற்கும். ஒன்றைத் திருத்தினால் பின்வரும் முத்திரைகள் பொருந்தா, களவு வெளிப்பட்டுவிடும். 2009இல் பிட்காயினுடன் இது நடைமுறைக்கு வந்தது. பின்னர், ‘இன்னது நேர்ந்தால் இன்னதைக் கொடு’ என்னும் உடன்படிக்கையையும் அவ்வேட்டிலேயே எழுதலாயினர். 2015இல் ஐ.பி.எம்., சாம்சுங் நிறுவனங்கள், சவர்க்காரம் தீரும் தறுவாயில் தானே அதனைத் தருவிக்கும் சலவை யந்திரத்தைச் செய்து காட்டின. தொழிற்சாலைகளிலும் யந்திரமே யந்திரத்துக்கு விலை கொடுக்கும் காலத்தை அறிஞர் எதிர்நோக்குகின்றனர்.

எழுதியதை அழிக்கவியலாது, நன்று. பிழையாக எழுதப்பட்டால்? மழை அளக்கப்படும் இடத்தில் தூறல். நமது வட்டையிலோ வெள்ளம். ஏடு தூறலையே எழுதும். உழவன் கையில் ஒரு சதமும் விழாது. ஏட்டின் நேர்மை வேறு. அளவையின் நேர்மை வேறு. வட்டவிதானையார் வரம்பில் நடந்து பார்த்துச் சொன்ன கணக்கிலும் பிழை நேர்ந்ததுண்டு. ஆயினும் அவர் வாசலில் நின்று வாதாட முடிந்தது. ஆகவே மழைமானி நம் வயலருகே வேண்டும். முறையீட்டைக் கேட்க ஒரு மனிதரும் வேண்டும். இவ்விரண்டையும் கேட்டுப் பெறுவது, யந்திரக் கல்வி பயிலும் நம் மாணவர் கடனாகும்.