கடிதப் பெட்டிக்குக் காவல் யார்?

மின்னஞ்சல் பெரிய கம்பெனிகளுக்குத்தான், மளிகைக் கடைக்கு எதற்கு என்று இனியும் சொல்வதற்கில்லை. 2017-ஆம் ஆண்டு ஜி.எஸ்.டி. சட்டத்தின் 169-ஆவது பிரிவின்படி, பதிவின்போது நாம் கொடுத்த மின்னஞ்சலுக்கு நோட்டீஸ் அனுப்பினாலே, அது நமக்குச் சேர்ந்ததாகக் கணக்கு.

சங்கமே சொந்த சர்வர் வைத்து உறுப்பினர்களுக்கு முகவரி தரலாம் என்ற யோசனை நல்லதே. ஆனால் கடிதங்களைத் திறந்து படிக்கும் வெப்மெயில் மென்பொருளை, இலவசம், அழகு என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாகாது. பழுது கண்டால் திருத்தித் தருபவர் உண்டா என்று பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் எங்கும் புழங்கிய ஸ்குவிரல்மெயிலின் கடைசி முறையான வெளியீடு 2011-இல் வந்ததோடு சரி. ரவுண்ட்கியூப் இன்றும் பராமரிக்கப்படுகிறது. அதிலும் பத்தாண்டுகளாக மறைந்திருந்த ஓட்டை ஒன்று 2025 ஜூனில் வெளிப்பட்டது. திருத்தமும் உடனே வந்தது. ஆனால் அதைத் தம் சர்வரில் போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் பலன். நல்ல பூட்டு வாங்கினால் போதாது. இரவில் பூட்டிச் செல்ல ஆள் வேண்டும்.

அப்படி ஒருவரைச் சம்பளத்துக்கு வைப்பது ஏனாத்தூர் வட்டாரக் கடைகளுக்குக் கட்டுபடியாகாது என்றால், கட்டணம் செலுத்தி ஒரு நிறுவனத்திடம் ஒப்படைப்பதே மேல். மத்திய அரசே ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சலை ஜோஹோ தளத்துக்கு மாற்றியதாக 2025-இல் செய்தி வந்தது.

முதலில் ஆளை முடிவு செய்வோம். மென்பொருளைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம் என்பதே நமது கருத்து.