நாலு உள்ளங்கை

எங்கள் ஊரில் 'சீஸன்' என்றால் சனி, ஞாயிறு. வெள்ளிக்கிழமை ராத்திரியே ஈ.சி.ஆர். வழியாகச் சென்னைக் கார்கள் வர ஆரம்பிக்கும். விடிந்தால் பெங்களூர்க் கார்கள். மஞ்சள் சுவர் கண்ட இடமெல்லாம் யாராவது சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். திங்கட்கிழமை காலையில் சுவர் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பேர் ஆஃப் சீஸன்.

இந்த ஊர்க்காரனிடம், "ஆல் சீஸன் டயர் வாங்கிப் போடு" என்றால் என்ன நினைப்பான்? திங்கட்கிழமையும் ஓடும் டயர் போலிருக்கிறது என்றுதானே?

எனக்கு அந்த யோசனையைச் சொன்னவர் பாரீஸில் இருக்கும் பெரியப்பா மகன். (புதுச்சேரியில் தெருவுக்கு நாலு குடும்பத்துக்காவது பாரீஸில் ஓர் அண்ணன் இருப்பார். வருஷத்துக்கு ஒருமுறை சென்ட் பாட்டிலும் அறிவுரையும் அனுப்புவார்.) "தம்பி, இங்கெல்லாம் 'நாலு சீஸன்' டயர்தான். ஒரு செட் போட்டா வருஷம் பூரா கவலையில்ல" என்றார்.

அவர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. குளிர் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துக்கொள்ளும்; பிடிப்பு போய்விடும். அதனால் அங்கே குளிர்காலத்துக்கு ஒரு டயர், கோடைக்கு ஒரு டயர். இரண்டும் வாங்க வசதியில்லாதவர்களுக்கு நடுவாந்திரமாக 'ஆல் சீஸன்'. பிரான்ஸின் மலைப் பகுதிகளில் 2021-லிருந்து ஒரு சட்டமே இருக்கிறது. நவம்பர் 1 முதல் மார்ச் வரை குளிர்கால டயர் போட வேண்டும், இல்லையென்றால் பனிச் சங்கிலி வைத்திருக்க வேண்டும். நவம்பர் 1, 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். ஆக அதே தேதி எங்களுக்கு விடுதலை நாள், அவர்களுக்கு டயர் மாற்றும் நாள்!

நம் ஊரிலோ மார்கழி விடியலில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான். அதற்கே மப்ளர் கட்டிக்கொள்கிறோம். டயருக்கு மப்ளர் வேண்டாம். பக்கவாட்டில் மூன்று சிகரமும் நடுவில் பனிப்பூவும் அச்சடித்த டயருக்கு யாராவது கூடுதல் விலை சொன்னால், கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். இங்கே டயருக்கு இரண்டே பரீட்சை. ஒன்று, மே மாதத்துத் தார். இன்னொன்று, ஐப்பசி, கார்த்திகை மழை.

அந்த இரண்டாவது பரீட்சை எப்படிப்பட்டது என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். 2011 டிசம்பர் 30-ல் 'தானே'. 2024 நவம்பர் 30-ல் 'ஃபெஞ்சல்'. ஃபெஞ்சல் அன்றைக்கு ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. தெருவில் படகு விட்டார்கள்.

* * *

வண்டி மாமனாருடையது. 2011 பொலிரோ. 'நீங்க ஓட்டிக்கிட்டு இருங்க மாப்ளே' என்று எனக்குத் தரப்பட்ட நிரந்தரக் கைமாற்று. டீசலும் டயரும் என் கணக்கு. யோசனை மட்டும் அவர் கணக்கு.

வருஷா வருஷம் கார்த்திகை மாதத்தில் திருவண்ணாமலை. திண்டிவனம், செஞ்சி வழியாக நூறு கிலோமீட்டர் சொச்சம். மாமனார், மாமியார், அம்மா, மனைவி, மகள், மச்சான், நான். ஏழு பேர், ஒரு கூடை புளியோதரை. இந்த முறை சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், சுத்தி வெடிச்சிருக்கு பாருங்க" என்றார். பக்கவாட்டில் பொடிப்பொடியாய் வெடிப்பு, கோடைக்கால ஏரி மாதிரி.

"பட்டன் இன்னும் நல்லாத்தானே இருக்கு?" என்றார் மாமனார்.

பட்டன் இருந்தது உண்மை. வருஷத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டியில் பட்டன் எப்படித் தேயும்? ஆனால் ரப்பருக்கு ஓடினாலும் வயசாகும், நின்றாலும் வயசாகும். வெயிலும் காற்றிலிருக்கும் ஓசோனும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாக்கிவிடும். கெட்டியான ரப்பர் ஈரத் தரையைப் பிடிக்காது, வழுக்கும். எங்கள் டயர்கள் பிறந்தது 2016-ல்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2316 என்றால் 2016-ம் வருஷத்தின் 23-வது வாரம். பால் பாக்கெட்டில் தேதி பார்க்கிறோம். மாத்திரை அட்டையில் பார்க்கிறோம். இருபதாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கும் டயரில் பார்ப்பதில்லை. ஐந்தாறு வயசுக்கு மேல் வருஷம் ஒருமுறை காட்டிப் பரிசோதிக்க வேண்டும். பத்து வயசானால் பட்டன் எவ்வளவு அழகாக இருந்தாலும் விடை கொடுத்துவிட வேண்டும். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். உட்கார்ந்து சாப்பிட்டாலும் வயசு வயசுதான்.

* * *

டயர் வாங்குவது என்று முடிவானதும் வீட்டில் சட்டசபை கூடியது.

மச்சான்தான் முதலில் எழுந்தான். "மாமா, வண்டிக்கே பதினைஞ்சு வருஷம் ஆகப்போவுது. இதுக்கு எதுக்குப் புது டயர்? செகண்ட் ஹாண்ட்ல ரெண்டாயிரத்துக்குச் சூப்பரா கிடைக்குது. கண்ணாடி மாதிரி கறுப்பு."

கறுப்பாகத்தான் இருக்கும். பாலிஷ் அடித்தால் எதுவும் கறுப்பாகத்தான் இருக்கும். தேய்ந்த டயரில் சூடான கத்தியால் பள்ளத்தை ஆழமாக வெட்டி, பாலிஷ் போட்டுப் பளபளவென்று அடுக்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள். வெட்டுவது பட்டனை அல்ல, உள்ளே கம்பிக்கு மேல் காவலாக இருக்கும் ரப்பரை. லாரி, பஸ் டயர்களை அதற்கென்றே கனமாகச் செய்கிறார்கள். ரீட்ரேடிங் அங்கே பெரிய தொழில். வீட்டு வண்டியின் டயருக்கு அந்த உடம்பு கிடையாது.

அடுத்து மாமியார். "நம்ம நெட்டப்பாக்கம் பக்கத்துலதானே டயர் ஃபேக்டரி இருக்கு? அங்கேயே போயி வாங்குனா விலை குறையாதா மாப்ளே?"

ஏரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எஃப். தொழிற்சாலை இருப்பது உண்மை. 1946-ல் திருவொற்றியூரில் மாமன் மாப்பிள்ளை என்பவர் குழந்தைகள் ஊதும் பலூன் செய்து ஆரம்பித்த கம்பெனி. அதே 1946-ல்தான் பிரான்ஸில் மிஷெலின் கம்பெனி ரேடியல் டயருக்குக் காப்புரிமை வாங்கியது. டயர் அளவில் வரும் 'ஆர்' என்ற எழுத்து அந்த ரேடியல்தான். ஆனால் ஃபேக்டரி வாசலில் சில்லறை வியாபாரம் கிடையாது. சர்க்கரை ஆலை பக்கத்தில் இருந்தால் காப்பி இனித்துவிடுமா?

கடைசியாகக் கடலூரிலிருந்து சகலை, போனில்: "பாண்டியில எல்லாமே சீப்பாச்சே! எனக்கும் ஒரு செட் எடுத்துடுங்க." சகலைக்கு ஜி.எஸ்.டி. என்று ஒன்று 2017 ஜூலையில் வந்ததே தெரியாது. பெட்ரோலும் 'மற்ற' திரவங்களும் வேறு கணக்கு. டயருக்குப் புதுச்சேரியிலும் கடலூரிலும் ஒரே வரி. நல்ல செய்தி என்னவென்றால், 2025 செப்டம்பர் 22-லிருந்து அந்த வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரி போக 5,000 ரூபாய் டயர் முன்பு 6,400. குறைந்த பிறகு 5,900. நாலு டயருக்கு இரண்டாயிரம் மிச்சம். பேரம் பேசும்போது இந்தக் கணக்கு நாக்கு நுனியில் இருக்கட்டும்.

* * *

கடையில் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியது ஒரே ஒரு வரி. 215/75 ஆர் 15. அகலம் 215 மில்லிமீட்டர். அதில் 75 சதவீதம், அதாவது சுமார் 16 சென்டிமீட்டர், பக்கச் சுவரின் உயரம். டிஸ்க் 15 அங்குலம். பக்கத்தில் '100 எஸ்' என்றிருந்தால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் வரை பொறுத்துக்கொள்ளும் என்று அர்த்தம். (என் பொலிரோ 180-ல் போக வேண்டுமென்றால் செஞ்சிக் கோட்டை மேலிருந்து தள்ளிவிட வேண்டும்.) கம்பெனி சொன்ன அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். அளவை மாற்றாதீர்கள். எடை எண்ணில் கீழே இறங்காதீர்கள்.

மச்சானுக்கோ கட்டை கட்டையாய்ப் பட்டன் வைத்த ஆல் டெரைன் டயர் மேல் கண். "கெத்தா இருக்கும் மாமா!" கெத்துதான். சேறு, மணல், மலைக்காடு என்று போகிறவர்களுக்கு அது வேண்டும். நாங்கள் போகும் அதிகபட்சக் காடு, ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தை. தார் ரோட்டில் அது இரையும், டீசல் குடிக்கும், விலையும் கூட. எங்களுக்கு ஹைவே டெரைன் போதும். நேராக ஓடும் அகலமான பள்ளங்கள், தண்ணீரை விரட்ட.

அந்தப் பள்ளம்தான் மொத்த விஷயமும். புது டயரில் அதன் ஆழம் எட்டு மில்லிமீட்டர் போல இருக்கும். மழை ரோட்டில் டயர் உருளும்போது தண்ணீர் அந்தப் பள்ளங்கள் வழியாகப் பக்கத்தில் பீய்ச்சி வெளியேற வேண்டும். பள்ளம் தேய்ந்துவிட்டால் தண்ணீருக்குப் போக இடமில்லை. டயருக்கு அடியிலேயே ஆப்பு மாதிரி புகுந்து வண்டியைத் தூக்கிவிடும். அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது, பிரேக்கை மிதித்தாலும் நிற்காது. வண்டி படகாகிவிட்டது, துடுப்பு நம் கையில் இல்லை. பள்ளத்துக்குள் அங்கங்கே சின்ன மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்தால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர். சட்டப்படி அதோடு ஆட்டம் குளோஸ். மழை ஊர்க்காரர்கள் அதற்கு முன்பே, மூன்று மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது உத்தமம்.

"பணம் இடிக்குதுன்னா இப்ப ரெண்டு, பொங்கலுக்கு ரெண்டு போட்டுக்கலாம் சார்" என்றார் கடை அண்ணன். தப்பில்லை. ஆனால் அந்தப் புது இரண்டும் எங்கே? முன்னால் என்றுதான் எல்லோரும் சொல்வோம். பின்னால் போட வேண்டும். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும். கால் எடுத்தால் மெல்ல அடங்கும். பின் டயர் வழுக்கினால் வண்டி பம்பரமாகச் சுற்றும். பம்பரத்தை அடக்கும் வித்தை நம்மில் பலருக்குத் தெரியாது.

காற்றுக்குச் செலவே இல்லை. ஆனாலும் அதில்தான் கஞ்சத்தனம் செய்கிறோம். காற்றுக் குறைந்த டயர் சூடேறும், மே மாதத்தில் வெடிக்கும். மழையிலோ சீக்கிரம் மிதக்கும். மாதம் இரண்டு முறை, வண்டி ஓடிச் சூடாகும் முன் பாருங்கள். டயர் மேல் எழுதியிருப்பது அது தாங்கும் உச்சக் காற்று. நாம் அடிக்க வேண்டியது வண்டிக் கம்பெனி சொல்லும் அளவு. கடலோர ஊர்களில் இன்னொன்று: உப்புக் காற்றில் டிஸ்க் ஓரம் துருப்பிடித்து, பஞ்சரே இல்லாமல் காற்று இறங்கும். டயர் மாற்றும்போதே துருவைச் சுரண்டச் சொல்லுங்கள்.

* * *

நான் நாலும் புதிதாகவே போட்டேன். விலை உச்சியிலும் இல்லாத, அடிமாட்டு விலையிலும் இல்லாத நடுத்தர ரகம். தேதி மூன்று மாதத்துக்குள். அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் சேர்த்து இருபத்தைந்தாயிரத்தைத் தொட்டது. பழையதில் சுமாரான ஒன்றை ஸ்டெப்னியாக வைக்கலாம் என்றார் கடை அண்ணன். நாலுமே 2016. வேண்டாம் என்று, ஸ்டெப்னி மட்டும் அடுத்த போனஸுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

மச்சான் கேட்டது மட்டும் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. கிழட்டு வண்டிக்கு எதற்குப் புது டயர்? யோசித்துப் பார்த்தால், ஒரு டயர் ரோட்டைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கை அகலம்தான். ஏழு பேரும் புளியோதரையும் செஞ்சி ரோட்டு மழையில் போவது அந்த நாலு உள்ளங்கை மேல்தான். உள்ளே இருப்பவர்களில் ஒருத்திக்கு வயசு நாலு. வண்டியின் வயசை அந்த உள்ளங்கைகள் கேட்பதில்லை.

மாமனார் டார்ச் அடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து குனிந்து நாலு டயரிலும் நாலு எண்ணைத் தேடிப் படித்தார். நிமிர்ந்தார்.

"நல்லது மாப்ளே. இன்னும் ஆறு வருஷத்துக்குக் கவலையில்ல. அப்ப எனக்கு எண்பத்திரண்டு."

வாங்கிய பில்லை பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுத்த செட்டுக்கும் அவர்தான் டார்ச் அடித்துத் தேதி பார்க்க வேண்டும்.