எண்ணிக்கை வியாபாரிகளின் வாதம்

சிறிய தமிழ் இணையதளங்கள் இலவச வழிகளை நம்பிக் காலத்தைத் தொலைக்கின்றன என்று சென்ற இதழில் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் பயிற்சியாளர் எழுதியிருந்தார். தேடுபொறி வழியாகச் சும்மா ஆள் வரும் காலம் முடிந்துவிட்டது என்கிறார். மாதம் ஒரு தொகையை ஒதுக்கி விளம்பரம் போட வேண்டும், பேக்லிங்க் பேக்கேஜ் வாங்க வேண்டும், தொடக்கத்தில் கணக்கைத் தூக்கிக் காட்ட வருகைகளையே மொத்தமாக விலைக்கு எடுக்கலாம், இதற்கெல்லாம் வசதியில்லாதவர்கள் தளத்தை மூடிவிட்டு ஃபேஸ்புக் பக்கத்தோடு நின்றுகொள்ளலாம். அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். இதில் ஒரு பகுதி பிழை, ஒரு பகுதி விதிமீறல், ஒரு பகுதி மோசடிக்குத் துணைபோவது. இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டப்போகிறவர்கள் யார்? சமையல் குறிப்பும் வேளாண்மைக் குறிப்பும் உள்ளூர்க் கோயில் வரலாறும் சொந்த உழைப்பில் எழுதிக்கொண்டிருப்பவர்கள். அதனால் மரியாதை கருதி இதைக் கண்டுகொள்ளாமல் விட முடியவில்லை.

இருப்பதில் மோசமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வருகைகளை விலைக்கு எடுக்கும் யோசனையை அவர் இரண்டே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார். அந்த வருகை எங்கிருந்து வருகிறது என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. பெரும்பாலும் அது மனிதர்களிடமிருந்து வருவதில்லை. 2016இல் அம்பலமான மெத்பாட் மோசடியை எடுத்துக்கொள்ளுங்கள். தரவு மையங்களில் வாடகைக்கு எடுத்த சர்வர்கள் அதில் மனிதர்களைப்போல நடித்தன. பொய்யாக மவுஸை அசைத்தன, பக்கத்தைக் கீழே உருட்டின, வீடியோவைப் பாதியில் நிறுத்தின, ஃபேஸ்புக்கில் உள்நுழைந்திருப்பதாகக்கூடக் காட்டிக்கொண்டன. விளம்பரதாரர்களிடம் 70 லட்சம் டாலருக்கு மேல் பறித்த அந்த வழக்கில் அலெக்சாண்டர் ஜுகோவ் என்பவருக்கு 2021இல் அமெரிக்க நீதிமன்றம் 10 ஆண்டுச் சிறை விதித்தது. சில நூறு ரூபாய்க்குப் பல்லாயிரம் வருகை என்று விற்கிறார்களே, அது இதே சரக்கின் மலிவு வகை. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய கட்சிக் கூட்டம்போல, வண்டி கிளம்பியதும் மைதானம் காலியாகிவிடும்.

காலியாவதோடு போனாலும் பரவாயில்லை. செயற்கையாக உருவாக்கிய வருகையை, தளங்களுக்கு விளம்பர வருமானம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் திட்டத்தின் விதிகள் வெளிப்படையாகத் தடைசெய்கின்றன. கண்டுபிடித்தால் வருமானத்தைப் பிடித்துக்கொள்வார்கள், கணக்கை முடக்குவார்கள். தமிழ்ப் பக்கங்களுக்கு ஆட்சென்ஸ் கிடைத்ததே 2018இல்தான். அதற்கு முன்னால் பல ஆண்டுகள் ஒரு பைசா வருமானமில்லாமல் எழுதியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் போய் வருகையை விலைக்கு வாங்கச் சொல்லும் பயிற்சியாளர், இந்த விதியைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாதது பொறுப்பற்ற செயல். தெரியாமல் விட்டார் என்றால் அவர் பயிற்சி தரக் கூடாது. தெரிந்தே விட்டார் என்றால் எழுதவும் கூடாது.

அடுத்து லிங்க் வியாபாரம். ஒரு தளத்துக்கு இன்னொரு தளம் சுட்டி கொடுப்பதை ஒரு பரிந்துரையாக எடுத்துக்கொள்வது கூகுளின் அடிப்படை. 1998இல் பிரின்னும் பேஜும் முன்வைத்த முறையே அதுதான். பரிந்துரையை விலைக்கு வாங்கினால் முறை முழுவதும் கெட்டுவிடும் என்பதால், தரவரிசைக்காக லிங்க் வாங்குவதையும் விற்பதையும் கூகுள் தடைசெய்திருக்கிறது. அந்தத் தடை ஏட்டில் மட்டும் இருப்பதல்ல. அமெரிக்காவின் ஜே.சி.பென்னி கடைகளுக்காக, அந்தச் சரக்குக்குத் தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் லிங்குகள் நடப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. அந்த நாளிதழ் கவனித்துவந்த 59 தேடல் சொற்களில் பென்னியின் சராசரி இடம் 1.3 ஆக இருந்தது. கூகுள் நடவடிக்கை எடுத்ததும் பத்தே நாளுக்குள் 52ஆவது இடத்துக்குப் போனது. அதற்கும் முன்னால், 2009இல், காசு கொடுத்து வலைப்பதிவர்களை எழுதவைத்ததற்காகத் தன் சொந்த ஜப்பான் தளத்தின் பேஜ்ரேங்க் மதிப்பையே கூகுள் 9இலிருந்து 5ஆகக் குறைத்தது. 2012 ஏப்ரலில் கூகுளின் தேடல் நிரலில் பென்குயின் என்ற மாற்றம் வந்தபிறகு இந்தக் களையெடுப்பு ஆள் பார்த்துச் செய்யும் வேலையாக மட்டும் இல்லாமல் நிரலின் வேலையாகவும் ஆகிவிட்டது.

பென்னியிடம் வழக்கறிஞர்களும் நிபுணர்களும் இருந்தார்கள். விழுந்தாலும் எழ முடிந்தது. மன்னார்குடியிலிருந்து நெல் ரகங்களைப் பற்றி எழுதும் ஒருவரின் தளம் அப்படி விழுந்தால் அவருக்காகக் கூகுளிடம் யார் பேசப்போகிறார்கள்? பேக்கேஜ் விற்றவர் அதற்குள் தொலைபேசி எண்ணை மாற்றியிருப்பார்.

விளம்பரத்துக்கு வருகிறேன். இங்கே அவருடைய வாதம் கொஞ்சம் கனமானது. பெரிய நிறுவனங்கள் கோடிக்கணக்கில் கொட்டுகின்றனவே, அவையெல்லாம் கணக்குத் தெரியாதவையா என்று கேட்கிறார். கேள்விக்கு விடை உண்டு. 2012இல் ஈபே நிறுவனம், யாராவது தன் பெயரைத் தட்டித் தேடினால் மேலே வரும் கட்டண விளம்பரத்தை யாஹூவிலும் மைக்ரோசாஃப்ட்டிலும் நிறுத்திப் பார்த்தது. விளம்பரத்தின் வழியாக வந்துகொண்டிருந்த கிளிக்குகளில் 99.5 சதவீதம், அடியிலேயே இருந்த இலவச முடிவின் வழியாக வந்து சேர்ந்தன. எப்படியும் வரவிருந்தவர்களுக்குத்தான் ஈபே அதுவரை காசு கட்டியிருக்கிறது. பிளேக், நோஸ்கோ, டாடெலிஸ் மூவரும் 2015இல் எகனாமெட்ரிகாவில் இதை வெளியிட்டார்கள். 2017இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் ஒரே காலாண்டில் இணைய விளம்பரத்தில் 10 கோடி டாலருக்கு மேல் வெட்டியது, விற்பனையில் பாதிப்பு தெரியவில்லை என்று அந்த நிறுவனமே சொன்னது. பெரியவர்கள் செலவு செய்கிறார்கள் என்பது அந்தச் செலவு பலன் தருகிறது என்பதற்குச் சான்று ஆகாது. கணக்குப் பார்க்காமல் பல ஆண்டுகள் செலவு செய்ய முடிகிற வசதி பெரியவர்களுக்கு இருக்கிறது என்பதற்குத்தான் அது சான்று.

ஈபே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது, அதை மறைப்பது நேர்மை ஆகாது. அந்தத் தளத்தை அதிகம் அறியாதவர்களிடம் விளம்பரம் ஓரளவு வேலை செய்தது. எனவே புடவை விற்பவர், பயண ஏற்பாடு செய்பவர், ஒரு வாடிக்கையாளர் கிடைத்தால் சில நூறு ரூபாய் லாபம் பார்ப்பவர், அளந்து விளம்பரம் போடலாம். நம் பயிற்சியாளர் அறிவுரை சொன்னது அவர்களுக்கு அல்ல. எதையும் விற்காமல் எழுத்தை மட்டும் வைத்திருக்கும் தளங்களுக்குச் சொன்னார். அங்கே ஒரு கிளிக்குக்குச் செலவு ரூபாய்க் கணக்கில், அந்த ஒரு வருகையால் வரவு பைசாக் கணக்கில். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுப் பார்த்தாலும் நட்டம் என்று சொல்லிவிடும் கணக்கு இது.

இலவச வழி என்றைக்குமே தமிழில் பலித்ததில்லை என்று அவர் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தொகுப்பு ஒரு ரூபாய் விளம்பரம் செய்ததில்லை. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு ஒருங்கிணைக்க, உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள். சங்க இலக்கியத்தில் ஏதாவது ஒரு வரியைத் தேடுகிறவர் இன்றும் அங்கே போய்ச் சேர்கிறார். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய, வலைப்பதிவுகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் திரட்டியும் அப்படித்தான். புதிதாக எழுதத் தொடங்கியவரின் இடுகை அன்றைக்கே பழைய ஆட்களின் கண்ணில் பட்டது. பின்னூட்டம் விழ விழ அது மறுபடி மேலே வந்தது. திரட்டிகள் மங்கிவிட்டன, கூகுள் ரீடரும் 2013இல் மூடப்பட்டது, உண்மைதான். ஆனால் அவற்றைத் தாங்கிய, புதிய இடுகைகளைத் தானாகக் கொண்டுசேர்க்கும் ஆர்எஸ்எஸ் ஓடை நுட்பம் இன்றும் உயிரோடு இருக்கிறது. பாட்காஸ்ட் உலகம் பெரும்பாலும் அதன்மேல்தான் நிற்கிறது. ஒரு வாசல் அடைபட்டதை வைத்து ஊரே இல்லை என்று எழுதுவது என்ன நியாயம்?

அப்படியானால் நல்ல தமிழ்த் தளங்கள் ஏன் தேடலில் வருவதில்லை என்ற கேள்விக்கு அவர் காசில்லை என்று விடை சொல்கிறார். அந்த விடை தவறு. தேடுபொறிக்குப் படிக்கக் கிடைக்காத வடிவத்தில் நாம் எழுதி வைத்திருக்கிறோம். இது பழைய வியாதி. 2000களின் தொடக்கத்தில் தமிழ் நாளிதழ்களும் வார இதழ்களும் ஆளுக்கொரு எழுத்துருவில் தளம் நடத்தின. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தது, தேடுபொறிக்குப் பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியலாகத் தெரிந்தது. மதுரைத் திட்டம் டிஸ்கி என்ற பழைய குறியேற்றத்தில் இருந்த நூல்களை யூனிகோடுக்கு மாற்றியது. தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது. தமிழ் இணையத்துக்கு அதைவிடப் பெரிய இலவச விளம்பரம் இன்றுவரை நடந்ததில்லை என்பது என் கருத்து.

அந்த வியாதி இப்போது வேறு உருவில் திரும்பியிருக்கிறது. கவிதையைப் பூப்படத்தின்மேல் எழுதிப் படமாகப் போடுகிறோம். சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக ஏற்றிவிட்டு, உள்ளே யார் எழுதியது, எதைப் பற்றியது என்று ஒரு வரி உரை சேர்ப்பதில்லை. முக்கியமான எழுத்தைப் படத்துக்குள் வைக்காதீர்கள் என்று கூகுளே தன் வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. தலைப்புகளோ இன்னும் மோசம். குதிரைவாலிப் பொங்கல் செய்முறைக்கு ‘என் மண்ணின் வாசம்’ என்று பெயர் வைத்தால், குதிரைவாலிப் பொங்கல் செய்வது எப்படி என்று தேடும் பெண்ணுக்கு அது எப்படிக் கிடைக்கும்? அழகான தலைப்பு உள்ளே இருக்கட்டும், தேடலுக்குப் போகும் தலைப்பில் குதிரைவாலி இருக்க வேண்டும். மாப்பிள்ளைச் சம்பாவைத் தேடுகிறவர்களில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். அந்த எழுத்துக்கூட்டலும் பக்கத்தில் ஓரிடத்தில் இருந்தால் அவர்களும் வந்து சேர்வார்கள்.

முகவரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைச் சொல்லக் கேட்டதில்லை. இடுகையின் முகவரியைத் தமிழிலேயே விட்டால், நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது ரோமன் குறிகளாக விரியும். துணைக்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால், ‘தமிழ்’ என்ற ஒற்றைச் சொல்லே 45 குறிகள். நீளமான தலைப்பு என்றால் வாட்ஸாப்பில் அது திரை நிறையக் குப்பையாக வந்து விழும், பார்ப்பவர் வைரஸ் என்று பயந்து தொடமாட்டார். ரோமன் எழுத்தில் மூன்று நான்கு சொற்களில் முகவரியைச் சுருக்கிவைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. இப்படிப்பட்ட வேலைகள் எத்தனையோ இருக்கின்றன. பழைய இடுகைகளுக்குப் புதியவற்றிலிருந்து சுட்டி கொடுப்பது, தளத்தின் பக்கப் பட்டியலான சைட்மேப்பைத் தேடுபொறிக்குச் சமர்ப்பிப்பது, கடை வைத்திருப்பவர் என்றால் கூகுள் மேப்பில் கடையை இலவசமாகப் பதிவதும் நேரத்தையும் ஃபோன் எண்ணையும் சரியாக வைப்பதும். கூகுளின் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவி, எந்தச் சொற்களைத் தேடியபோது நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனையாவது இடத்தில், எத்தனை பேர் தொட்டார்கள் என்று 16 மாதக் கணக்கைத் தருகிறது. பத்தாவது பன்னிரண்டாவது இடத்தில் நிற்கும் பக்கங்களைத் தேர்ந்தெடுத்து, மக்கள் கேட்ட கேள்விக்கு இன்னும் தெளிவாகப் பதில் எழுதுவதைவிடப் பலனுள்ள செலவை எந்த விளம்பரத்தாலும் தர முடியாது.

இலவச வழிகளால் ஆள் வருவதில்லை என்பதற்கு அவர் ஒரு வரைபடம் போட்டிருந்தார். அதில் சமூக ஊடகம், பகிர்வு எல்லாம் மெலிந்த கோடுகள். ‘நேரடி வருகை’ மட்டும் தடித்த கோடு. அந்தத் தடித்த கோடு என்ன என்று அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. வாட்ஸாப்பில் வந்த சுட்டியைத் தொட்டு வருபவர் எங்கிருந்து வந்தார் என்ற தகவல் பெரும்பாலும் தளத்துக்கு வந்து சேராது. புள்ளிவிவரக் கருவி அவரை நேரடியாக வந்தவர் என்று எழுதிக்கொள்ளும். அக்கா தம்பிக்கு அனுப்பியது, பள்ளி ஆசிரியர் பெற்றோர் குழுவில் போட்டது, எல்லாம் அந்தக் கோட்டுக்குள் இருக்கின்றன. இலவசப் பகிர்வின் பலனைத் தன் கையாலேயே வரைந்து காட்டிவிட்டு, பலனில்லை என்று முடித்திருக்கிறார்.

கடைசியாக ஃபேஸ்புக். அங்கே பக்கம் நடத்துகிறவரின் பதிவு, பின்தொடர்பவர்களிலேயே சிறு பங்கினருக்குத்தான் போகிறது என்று அவரே எழுதுகிறார். சரிதான். 2018 ஜனவரியில் ஸக்கர்பெர்க், நண்பர்கள் குடும்பத்தார் பதிவுகளுக்கு முதலிடம் என்று அறிவித்தபிறகு பக்கங்களின் நிலை இன்னும் இறங்கியது. தேடலிலும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கங்கள் மேலே வந்து உட்கார்ந்து சில கிளிக்குகளை எடுத்துக்கொள்கின்றன, அதையும் மறுக்கவில்லை. இவ்வளவையும் பட்டியலிட்டவர், சொந்தத் தளத்தை மூடிவிட்டு அதே ஃபேஸ்புக்குக்குள் போய் அடைந்துகொள்ளச் சொல்கிறார். அவர் தரும் சான்றுகள் எல்லாம் எதிர்த்திசையில் கை காட்டுகின்றன. அடுத்தவர் வாசலை நம்ப முடியாது என்றால், வாசகரின் மின்னஞ்சல் முகவரியை நாம் வைத்திருக்க வேண்டும். வாரம் ஒரு மடல் அனுப்ப, சில நூறு பேர் வரைக்கும், இலவசச் சேவைகளே போதும். அந்தச் சில நூறு பேரை எந்த நிறுவனத்தின் விதிமாற்றமும் நம்மிடமிருந்து பறித்துக்கொள்ளாது.

அவருடைய பயிற்சி மாணவர்கள் லிங்க் பேக்கேஜ் வாங்கி ஓராண்டு கழிந்தபின் அவர்கள் தளங்களின் சர்ச் கன்சோல் கணக்கு எப்படி இருக்கிறது என்று அவர் வெளியிடட்டும். வாங்கிய வருகைகளில் மறுபடி வந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து வெளியிடட்டும். அந்தப் பேக்கேஜ்களை விற்பவர்களிடமிருந்து அவருக்குக் கமிஷன் வருகிறதா, இல்லையா என்பதை அடுத்த கட்டுரையின் முதல் வரியிலேயே சொல்லட்டும்.